அனிமேஷன் படம் எடுக்க என் செலவுகளையெல்லாம் நிறுத்திவிட்டேன், வேலையையும் விடலாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்கு 38 வயது. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை. கணவரும் வேலைக்குப் போகிறார். ஒன்பது வயதில் ஒரு மகன். பள்ளி நாள்களில் நன்றாகப் படம் வரைந்தவர், திருமணத்துக்குப் பிறகு பென்சிலைத் தொடவே இல்லை. இரண்டு ஆண்டுகளாகத்தான் மீண்டும் வரைகிறார். தையல் இயந்திரத்தை மிதித்துத் தன்னை ஆளாக்கிய அம்மாவைப் பற்றி, கையால் வரைந்த எட்டு நிமிட அனிமேஷன் படம் ஒன்றை வீட்டிலிருந்தபடியே எடுக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அம்மா தையலின் நடுவே முணுமுணுக்கும் பழைய சினிமாப் பாட்டு ஒன்றையும் அம்மாவின் குரலிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறார். அதுதான் படத்தின் பின்னணி இசை.

இதற்காக ஏழு மாதங்களாக வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேமிக்கிறார். தன் சம்பளத்தை நூறு பங்காக வைத்துக்கொண்டால் முன்பு அதில் 85 பங்கு செலவானது என்றும், இப்போது 70 பங்கில் நிறுத்தியிருப்பதாகவும் எழுதுகிறார். புது உடைகள் வாங்குவதில்லை. சந்தாக்களை ரத்து செய்துவிட்டார். தோழிகளைச் சந்திக்கப் போவதில்லை. அலுவலகத்தில் மதிய உணவைப் பாதி நாள் தவிர்க்கிறார். ஓய்வுக்காலத்துக்கென்று தானாகக் கட்டிவந்த தொகையை நிறுத்திவிட்டார். பவர் கூடிவிட்டது, கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று மருத்துவர் சொன்னதையும் தள்ளிப்போட்டிருக்கிறார். அடுத்த மாதம் மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது தன் பெயரை மட்டும் எடுத்துவிடலாம் என்று நினைக்கிறார். இப்படியே 14 மாதம் சேர்த்தால் ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கும். அப்போது வேலையை விட்டுவிட்டு அந்த ஆறு மாதத்தில் படத்தை முடித்துவிடுவேன் என்கிறார். இடையில், திரையிலேயே வரையக்கூடிய டேப்லெட் ஒன்றைத் தவணையில் வாங்கவும் உத்தேசம்.

கணவருக்கு இதில் எதுவும் தெரியாது. "ஏன் எதற்கும் வரமாட்டேன் என்கிறாய்? என்மேல் கோபமா?" என்று அவர் சில வாரங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். கடிதத்தின் கடைசியில் வாசகி மூன்று கேள்விகள் கேட்கிறார். "என் கணக்கு சரியா? வேலையை விட எனக்கு உரிமை இருக்கிறதா? என் செலவை மட்டும்தானே குறைக்கிறேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம்?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முழுவதும் படித்தேன். உங்கள் ஆசை வீண் ஆசை அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தனியாக ஒருவர் வீட்டில் உட்கார்ந்து அனிமேஷன் படம் எடுப்பது நடக்கக்கூடிய காரியம்தான். லாட்வியாவைச் சேர்ந்த கின்ட்ஸ் ஜில்பலோடிஸ் தன் முதல் முழுநீளப் படத்தை ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் ஒற்றை ஆளாக உழைத்து முடித்து 2019இல் வெளியிட்டார். அடுத்த படத்தைச் சிறிய குழுவோடு, பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவாக்கினார். அந்தப் படத்துக்கு 2025இல் ஆஸ்கர் விருது கிடைத்தது. ஆகவே 'இதெல்லாம் நமக்கெதற்கு' என்று யாராவது சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

ஆனால் உங்கள் திட்டத்தில் என்னைக் கவலைப்பட வைக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பணக் கணக்கைப் பைசா பிசகாமல் போட்டிருக்கிறீர்கள். படத்துக்கான நேரக் கணக்கைப் போடவே இல்லை. கணக்குப் பிரிவில் வேலை செய்பவர் நீங்கள். அதனால் இதை எண்களிலேயே பேசுவோம்.

எத்தனை படங்கள், எத்தனை மணி நேரம்

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள், அதாவது 24 அசையாப் படங்கள், ஓடும். கையால் வரைபவர்கள் வழக்கமாக ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைப்பார்கள். அப்படியென்றால் நொடிக்கு 12 படங்கள், நிமிடத்துக்கு 720. உங்கள் எட்டு நிமிடத்துக்கு 5,760 படங்கள் வேண்டும். பென்சிலில் தோராயமாக வரைந்து, கோடுகளைச் சுத்தம் செய்து, வண்ணமிட ஒரு படத்துக்குப் பதினைந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பழகிய கைக்கே இது தாராளமான கணக்கு அல்ல. மொத்தம் 1,440 மணி நேரம் ஆகிறது. பின்னணிக் காட்சிகள், ஒலி, எடிட்டிங் எதுவும் இதில் சேரவில்லை.

வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம், வாரத்துக்கு 40 மணி நேரம், ஒரு நாள்கூடக் காய்ச்சலில் படுக்காமல் வரைந்தாலும் 26 வாரத்தில் 1,040 மணி நேரம்தான் கிடைக்கும். அதாவது கையில் இருக்கும் பணம் தீரும் நாளில் வரைய வேண்டியதில் கால் பங்குக்கு மேல் மீதி இருக்கும். வேலையும் இருக்காது, படமும் முடிந்திருக்காது. கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது எனக்கு மிகவும் பயமாக இருந்த இடம் இதுதான்.

ஒரு வேலை முடிய எவ்வளவு நாளாகும் என்று கேட்டால் மனிதர்கள் எப்போதும் குறைத்தே சொல்வார்கள். டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 1979இலேயே இதற்குப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார்கள். அவர்கள் காட்டிய வழி எளிமையானது. 'எனக்கு எத்தனை நாளாகும்' என்று கற்பனை செய்வதை விட்டுவிட்டு, இதே மாதிரி வேலைகளுக்கு நிஜத்தில் எத்தனை நாளானது என்று பாருங்கள். உங்களிடமே அதற்கான சான்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகளில் நீங்கள் வரைந்து முடித்த மிக நீளமான துண்டு 20 நொடி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு எத்தனை இரவுகள் ஆயின என்று நாள்குறிப்பைப் புரட்டிப் பாருங்கள். நான் சொன்ன பதினைந்து நிமிடத்தை எடுத்துவிட்டு உங்கள் உண்மையான வேகத்தை வைத்து மேலே உள்ள கணக்கைத் திரும்பப் போடுங்கள்.

சிக்கனம் முதலில் படத்தில்

இத்தனை மாதங்களாகச் சிக்கனத்தையெல்லாம் உங்கள் உடம்பின் மேலும் உங்கள் சந்தோஷங்களின் மேலும் காட்டிவிட்டீர்கள். படத்தின் மேல் துளிகூடக் காட்டவில்லை. எட்டு நிமிடம் ஏன்? அந்தக் கதைக்கு எட்டு நிமிடம் வேண்டுமா, அல்லது மனதில் முதலில் தோன்றிய எண்ணா? நான்கு நிமிடத்தில் சொல்ல முடியுமா என்று ஸ்டோரிபோர்டை, அதாவது காட்சிகளை வரிசையாக வரைந்த மாதிரிப் படங்களை, வைத்துக்கொண்டு ஒரு வாரம் போராடிப் பாருங்கள். அந்த ஒரு வாரம் உங்களுக்கு மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை வேறு எந்தச் செலவுக் குறைப்பும் தராது.

உங்கள் கதையிலேயே அதற்கு வழி இருக்கிறது. தையல் இயந்திரம் சுழற்சியில் ஓடுவது. ஊசி ஏறி இறங்கும் ஒரு சுற்றை ஆறு படங்களில் வரையலாம். நொடிக்கு 12 படம் என்ற கணக்கில் அது நொடிக்கு இரண்டு தையல். அதே ஆறு படங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் பத்து நொடிக் காட்சி தயார். ஒவ்வொன்றாக வரைந்தால் அதற்கு 120 படங்கள் வேண்டும். மிதிக்கும் காலுக்கு ஒரு சுழற்சி, சக்கரத்துக்கு ஒரு சுழற்சி. பின்னால் ஜன்னலில் மட்டும் இருட்டு வெளுத்து விடியட்டும். இரவு முழுவதும் அம்மா தைத்தது சொல்லப்பட்டுவிடும். அம்மா ஊசியில் நூல் கோர்க்கக் குனியும் இடத்தில் உடம்பு அசையாமல் இருக்க, விரல்கள் மட்டும் அசைந்தால் போதும். மற்றவற்றை ஒரே படமாக நிறுத்திவைக்கலாம்.

இதை ஏமாற்று வேலை என்று நினைக்காதீர்கள். ஒசாமு தெசுகா என்ற அனிமேஷன் கலைஞர் ஜப்பானில் 1963இல் வாராவாரம் ஒளிபரப்பாக வேண்டிய தொடரை மிகக் குறைந்த பணத்தில் எடுக்க நேர்ந்தபோது இப்படித்தான் செய்தார். ஒரு படத்தைக் கூடுதல் பிரேம்களுக்கு நிறுத்தினார். சுழற்சிகளைத் திரும்பப் பயன்படுத்தினார். வாயை மட்டும் அசைத்தார். அந்தப் பற்றாக்குறையிலிருந்துதான் ஜப்பானிய அனிமேஷனின் பாணியே பெருமளவுக்குப் பிறந்தது.

நான்கு நிமிடத்துக்கு 2,880 படங்கள். பாதி நேரத்தைச் சுழற்சிகளும் நிறுத்திவைத்த படங்களும் பார்த்துக்கொண்டால் புதிதாக வரைய வேண்டியவை ஏறக்குறைய 1,440. பதினைந்து நிமிட வேகத்தில் 360 மணி நேரம். பின்னணி, ஒலி, எடிட்டிங், திருத்தம் எல்லாவற்றுக்கும் இன்னொரு பாதி சேர்த்து 540 என்று வைப்போம். இப்போது வாரத்துக்குப் பத்து மணி நேரம் வரைகிறேன் என்கிறீர்கள். 54 வாரம். ஏறக்குறைய ஓர் ஆண்டு. வேலையை விடுவதற்கு முன் பணம் சேர்க்க நீங்கள் ஒதுக்கிய அதே 14 மாதத்துக்குள், வேலையில் இருந்துகொண்டே, படம் முடிந்துவிடுகிறது.

முதலில் அனிமேட்டிக் செய்துவிடுங்கள். ஸ்டோரிபோர்டுப் படங்களை அவற்றின் நேர அளவில் அடுக்கி, தற்காலிக ஒலியோடு ஓட்டிப் பார்ப்பது. எந்தக் காட்சி தேவையில்லை என்பது அதில் தெரிந்துவிடும். 300 படங்களை வரைந்து முடித்த பிறகு ஒரு காட்சியை வெட்டி எறிவது மனதுக்கும் வலி, நேரத்துக்கும் நஷ்டம்.

உங்கள் பணக் கணக்கில் ஒரு விடுபடல்

உங்கள் கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. 70 பங்கு செலவு, 30 பங்கு சேமிப்பு. ஆறு மாதச் செலவு 420 பங்கு; அதை 30ஆல் வகுத்தால் 14 மாதம். செலவைக் குறைத்தால் சேமிப்பு கூடுவதோடு, பின்னால் தேவைப்படும் தொகையும் குறைகிறது என்பதைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். முன்பிருந்த 85க்கு 15 என்ற கணக்கில் இதே ஆறு மாதத்துக்கு 34 மாதம் சேர்க்க வேண்டியிருந்திருக்கும்.

விடுபட்டது எது என்றால், அந்த 70 உண்மையான 70 அல்ல. நீங்கள் குறைத்ததாகச் சொல்லும் 15 பங்கில், உங்கள் பட்டியல்படி அடுத்த மாதம் விட நினைக்கும் காப்பீட்டுக்கு 3, ஓய்வுக்காலச் சேமிப்புக்கு 4, கண்ணாடிக்கும் மருத்துவத்துக்கும் 1. இந்த எட்டுப் பங்கும் குறைந்த செலவுகள் அல்ல. இன்று கட்டாமல் நாளைக்குத் தள்ளிய பாக்கிகள். அவற்றைத் திரும்பச் சேர்த்தால் செலவு 78, சேமிப்பு 22. ஆறு மாதத்துக்குச் சேர்க்க 21 மாதத்துக்கு மேல் ஆகும். உண்மையிலேயே மிச்சப்படுத்தியது மாதம் ஏழு பங்கு. அது சின்னத் தொகை என்று சோர்ந்துவிடாதீர்கள். ஓர் ஆண்டில் 84 பங்கு, கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். அதை வைத்து என்ன வாங்கலாம் என்று பிறகு சொல்கிறேன்.

காப்பீட்டைப் பற்றி அழுத்தமாகச் சொல்கிறேன்: உங்கள் பெயரை எடுக்காதீர்கள். விட்டுவிட்டு இரண்டு ஆண்டு கழித்துப் புதிதாகச் சேரும்போது வயது கூடியிருக்கும், பிரீமியமும் கூடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலமும் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கும். இடையில் நீங்கள் ஒருமுறை மருத்துவமனையில் படுத்தால் 14 மாதச் சேமிப்பும் அங்கேயே போய்விடும். கூடவே கணவருடைய சேமிப்பும் போகும். வேலையை விடும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அலுவலகம் தரும் குழுக் காப்பீடு இருந்தால் அது பொதுவாக வேலையோடு முடிந்துவிடும்.

ஓய்வுக்காலச் சேமிப்பை முழுவதும் நிறுத்தாமல் பாதியாவது தொடருங்கள். 38 வயதில் போடும் பணம் வளர இருபது ஆண்டுக்கு மேல் இருக்கிறது. அந்த ஆண்டுகளைப் பிறகு எந்தச் சம்பளத்தாலும் வாங்க முடியாது.

இனி கண்ணாடி. சகோதரி, நீங்கள் தீட்டப்போவது மில்லிமீட்டர் கனமுள்ள கோடுகள். இரவு வேளையில், விளக்கு வெளிச்சத்தில், ஆயிரக்கணக்கான படங்கள். பொருந்தாத கண்ணாடியோடு அதைச் செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். பதினோரு மணிக்கு மேல் தலைவலி வந்துவிடுவதால் படுத்துவிடுகிறேன் என்று அதே பக்கத்தில் வேறொரு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்க்கவில்லை. தலைவலிக்குக் காரணம் கண்ணாடிதானா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதைக் கேட்டுவிடுங்கள். அதனால் ஓர் இரவுக்கு அரை மணி நேரம் போனாலும் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், உங்கள் வேலை நேரத்தில் கால் பங்கு, தொலைகிறது. சுவர் இருந்தால்தான் சித்திரம். மதிய உணவும் அப்படித்தான். அதைத் தவிர்த்து மிஞ்சும் பணம் மாலையில் களைப்பாகத் திரும்பி வந்துவிடும்.

பற்றாக்குறை அறிவையும் அழுத்தும். 2013இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடமே நடத்தப்பட்டது. அறுவடைக்கு முன் கையில் காசில்லாத நாள்களில், யோசித்துச் செய்ய வேண்டிய சோதனைகளில் அவர்கள் பெற்ற மதிப்பெண், அறுவடைக்குப் பின் அதே மனிதர்கள் பெற்றதைவிடக் குறைவாக இருந்தது. உங்கள் நிலைமை அவர்களுடையது அல்ல. ஆனாலும் நாள் முழுவதும் ஒவ்வொரு சின்னச் செலவையும் மனதில் எடைபோட்டுக்கொண்டே இருப்பவருக்கு, கதையைப் பற்றி யோசிக்க மனதில் இடம் குறைந்துதான் போகும். தோழிகளைச் சந்திப்பதற்கென்று மாதம் ஒரு சின்னத் தொகையை ஒதுக்கி, அதைக் கணக்குக் கேட்காமல் செலவழியுங்கள்.

டேப்லெட் இப்போது வேண்டாம்

காகிதமும், அடியிலிருந்து வெளிச்சம் தரும் வரைபலகையான லைட் பாக்ஸும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. வரைந்தவற்றைச் சாதாரண ஸ்கேனரில் ஏற்றலாம்; நிலையாகப் பொருத்திய கைபேசிக் கேமராவும் போதும். மென்பொருளுக்குப் பணம் தேவையே இல்லை. பிளெண்டரில் கையால் வரைந்து அசைக்கும் வசதி இருக்கிறது, கிரிட்டா என்ற இலவச மென்பொருளிலும் இருக்கிறது. ஓபன்டூன்ஸ் என்பது ஜப்பானின் ஜிப்லி அனிமேஷன் ஸ்டுடியோ பயன்படுத்திய மென்பொருளின் வழிவந்தது. 2016 முதல் இலவசமாகக் கிடைக்கிறது.

உங்கள் படத்தின் முதல் ஒரு நிமிடத்தை முழுதாக முடித்த பிறகும் 'காகிதம்தான் என் வேகத்தைத் தடுக்கிறது' என்று தோன்றினால் அப்போது வாங்குங்கள், பழைய டேப்லெட்டாக இருந்தாலும் சரி. வட்டியில்லாத் தவணை என்றாலும் கட்டணமோ, ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியோ அதில் ஒளிந்திருக்கும். வேலையை விட நினைப்பவர் மாதத் தவணை ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொள்வது கூடாது.

கருவிக்குப் பதிலாக நேரத்தை வாங்குங்கள். முன்பு சொன்ன 84 பங்கின் பயன் இங்கேதான். வீட்டு வேலைகளில் எது உங்கள் மாலையைத் தின்கிறதோ, அதற்கு வாரம் இரண்டு நாள் ஆள் வைத்துக்கொள்ளலாம். அல்லது அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்து, படம் முடியும் கட்டத்தில் ஒரு மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுக்கலாம். எடிட்டிங்கும் ஒலியும் துண்டு துண்டாகச் செய்ய முடியாதவை, தொடர்ந்து உட்கார வேண்டியவை. விடுப்பை அப்போதுக்கு வைத்துக்கொள்வது நல்லது. எடுக்காத விடுமுறை நாள்கள் எத்தனை மீதி இருக்கின்றன என்றும் அலுவலகத்தில் கேளுங்கள். வேலை நேரத்தைக் குறைத்துக்கொள்ளும் வாய்ப்பு உங்கள் நிறுவனத்தில் இருக்கிறதா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

கணவரிடம் சொல்லாமல் இருப்பது

'என் செலவை மட்டும்தானே குறைக்கிறேன்' என்ற கேள்விக்கு வருகிறேன். அது உண்மை இல்லை. நீங்கள் வெளியே வராததால் மகனும் ஏழு மாதமாக வெளியே போகவில்லை. கணவர் தன் மேல் ஏதோ தவறு என்று நினைத்துக்கொண்டு தவிக்கிறார். நீங்கள் எதையும் வாங்கிக்கொள்ளாமல் இருப்பதை அவர் கவனித்திருக்கிறார், காரணம்தான் தெரியவில்லை. காரணம் தெரியாத இடத்தில் மனிதர் மோசமான காரணத்தையே இட்டு நிரப்பிக்கொள்வார்கள்.

நீங்கள் சொல்லத் தயங்குவது ஏன் என்று எனக்குப் புரிகிறது. 'என் ஆசைக்காக நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை' என்று நிரூபித்துவிட்டால் பிறகு யாரும் கேள்வி கேட்க முடியாது என்று நினைக்கிறீர்கள். தனக்கென்று ஒன்று கேட்பதற்கு முன்னால் தண்டனையை அனுபவித்துவிட வேண்டும் என்று பல பெண்கள் நினைப்பதைப் பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் ஆண்கள் ஒரு கருவியை வாங்கிவிட்டு வந்து சொல்கிறார்கள்; பெண்கள் சாப்பாட்டைக் குறைத்துவிட்டு வந்து சொல்கிறார்கள். உங்கள் தகுதியை நிரூபிக்க நீங்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சம்பளம் உங்களுடையது. வேலையில் இருப்பதா விடுவதா என்ற முடிவும் உங்களுடையது. ஆனால் பொதுச் செலவில் உங்கள் பங்கு குறையப்போகிறது என்றால் அதைச் சுமக்கப்போகிறவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அது உங்கள் உரிமைக்கு எதிரானது அல்ல.

மகன் தூங்கிய பிறகு, அந்த 20 நொடித் துண்டை அவருக்குப் போட்டுக் காட்டுங்கள். பிறகு நேராகச் சொல்லுங்கள்: "அம்மாவைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும். ஓர் ஆண்டு ஆகும். வேலையை விடவில்லை. ஏழு மாதமாக இதற்காகத்தான் பணம் சேர்த்தேன், உங்கள் மேல் எந்தக் கோபமும் இல்லை. வாரத்தில் இரண்டு மாலை மகனுடைய பாடத்தையும் சமையலறையையும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்." என்ன வேண்டும், எத்தனை நாளுக்கு வேண்டும் என்று அளந்து கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியும். 'எனக்கு ஆதரவாக இருங்கள்' என்று மொத்தமாகக் கேட்டால் இருவருக்கும் எதைக் கேட்டோம் என்றே தெரியாது. அவருக்கும் தனக்கென்று மாதம் ஒரு தொகையும் வாரத்தில் ஒரு மாலையும் இருக்கட்டும். மகனோடு மாதம் ஒருமுறையாவது மூவரும் வெளியே போங்கள், அதிகச் செலவில்லாத இடமாக இருந்தாலும் போதும்.

அவர் முதலில் கோபப்படலாம். படத்தைப் பற்றியதாக அந்தக் கோபம் இருக்காது, மறைத்ததைப் பற்றியதாக இருக்கும். அதற்கு வாதம் செய்யாமல் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

வேலையை விடுவதா?

இந்தப் படத்துக்காக இப்போது விட வேண்டாம் என்பதே என் கருத்து. மேலே போட்ட கணக்கே அதற்குப் போதும். முதல் படம் முடிந்து, அதைப் பார்த்து யாராவது உங்களுக்குப் பணம் கொடுத்து வேலை தரத் தொடங்கினால் கேள்வியே மாறிவிடும். அப்போதும் ஆறு மாதச் செலவு போதாது. படம் முடிக்க ஆறு மாதம் என்றால், அதன் பிறகு வேறு வேலை தேட இன்னும் சில மாதங்கள் வேண்டும். உங்கள் திட்டத்தில் அந்த மாதங்களுக்கு இடமே இல்லை. குறைந்தது இன்னும் மூன்று மாதச் செலவையாவது தனியாக வையுங்கள். படத்துக்கென்று அதை எடுக்கவே கூடாது.

இரண்டு உரிமைகள்

முதலாவது, அம்மா பாடிய பாட்டு. பதிவு உங்களுடையது, குரல் அம்மாவுடையது. அதனால் பயன்படுத்தலாம் என்று நினைத்திருக்கிறீர்கள். அது தவறு. பாடலின் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனியாகப் பதிப்புரிமை உண்டு. யார் பாடினாலும் அது போகாது. பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தப்படி படைத்தவர் இறந்த பிறகு குறைந்தது 50 ஆண்டுகளுக்கு அந்த உரிமை இருக்கும். இந்தியாவில் அது 60 ஆண்டுகள், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 70. நீனா பேலி என்ற அமெரிக்கக் கலைஞர் ஏறக்குறைய தனியாளாக வீட்டுக் கணினியில் முழுநீள அனிமேஷன் படம் உருவாக்கி 2008இல் திரையிட்டார். 1920களின் இறுதியில் பதிவான பாடல்களைப் பயன்படுத்தியிருந்தார். அந்தப் பதிவுகளால் சிக்கல் வரவில்லை; பாடல்களின் வரிகளுக்கும் மெட்டுக்குமான பதிப்புரிமை இன்னும் காலாவதியாகாமல் இருந்தது. அவற்றுக்காக ஏறக்குறைய 50,000 டாலர் கட்ட வேண்டி வந்தது, கடன் வாங்கிக் கட்டினார். சேமிப்பில் படம் எடுக்கும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய இடி இல்லை.

உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பாடலின் உரிமையாளர் யார் என்று கண்டுபிடித்து எழுத்தில் அனுமதி கேட்கலாம். வரைவதற்கு முன்பே கேளுங்கள். மறுப்பு வந்தால் காட்சியை மாற்ற நேரம் இருக்கும். இல்லையென்றால், இயற்றியவர் யாரென்றே அறியப்படாத பழைய தாலாட்டு ஒன்றை அம்மாவையே பாடவைத்துப் பதிவு செய்யலாம். மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: பாட்டே வேண்டாம், தையல் இயந்திரத்தின் ஓசையும் அம்மா மூச்சு விடும் ஓசையும் போதும். அந்த ஓசைகளுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கைபேசியிலேயே பதிவு செய்யலாம்.

இரண்டாவது, உங்கள் பணி ஒப்பந்தம். பணியில் இருக்கும்போது ஊழியர் உருவாக்கும் படைப்புகள் நிறுவனத்துக்கு உரியவை என்று சில ஒப்பந்தங்களில் மிக அகலமாக எழுதியிருப்பார்கள். வெளியில் வருமானம் தரும் வேலை செய்ய முன் அனுமதி வேண்டும் என்றும் இருக்கலாம். கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவர் வீட்டில் வரையும் படத்தில் நிறுவனம் உரிமை கோருவது கடினம்தான். ஆனாலும் ஒப்பந்தத்தை எடுத்து அந்த இரண்டு பிரிவுகளையும் படித்துவிடுங்கள். புரியாவிட்டால் தொழிலாளர் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டுங்கள். இந்தச் செலவைக் குறைக்க வேண்டாம். அலுவலகக் கணினியில் ஒரு கோடுகூட வரையாதீர்கள், அலுவலக மின்னஞ்சலில் கோப்புகளை அனுப்பாதீர்கள். ஸ்டோரிபோர்டிலிருந்து ஒவ்வொரு கட்டத்தையும் தேதியோடு வீட்டில் சேமித்து வையுங்கள். கோப்புகளுக்கு இன்னொரு நகலும் வேறோர் இடத்தில் இருக்கட்டும்.

காப்பீட்டைப் புதுப்பிக்கும் தேதி அடுத்த மாதம் வருகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதைக் கட்டிவிட்டு, இந்த வாரமே கண் மருத்துவரிடம் நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். படத்தின் முதல் ஒரு நிமிடம் முடிந்ததும், ஒரு படத்துக்கு உங்களுக்கு எத்தனை நிமிடம் ஆனது என்ற எண்ணோடு எனக்கு எழுதுங்கள். மீதி மாதங்களுக்கான கணக்கை அப்போது மறுபடியும் சேர்ந்து போடலாம்.